தாளில் குரூப் மூன்று, டேங்கரில் குரூப் இரண்டு: லாக்-மெகாந்திக் கச்சா எண்ணெயின் வகைப்பாடு

2013 ஜூலை 6, அதிகாலை 1.15 மணி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள லாக்-மெகாந்திக் என்னும் சிறுநகரின் நடுவே, ஓட்டுநர் இல்லாத சரக்கு ரயில் ஒன்று மணிக்கு 65 மைல், அதாவது ஏறக்குறைய 105 கிலோமீட்டர் வேகத்தில் சரிவில் இறங்கி வந்து தடம்புரண்டது. 72 டேங்கர் வேகன்களில் 63 தடம்புரண்டன. அவற்றுள் 59 உடைந்து எண்ணெயைக் கொட்டின. ஏற்றியிருந்த 77 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெயில் சுமார் 60 லட்சம் லிட்டர் வெளியேறித் தீப்பிடித்தது. 47 பேர் இறந்தார்கள். நகர மையம் சாம்பலானது.

ரயில் உருண்டதற்கான காரணம் பலரும் அறிந்ததே. முந்தைய இரவு நான்ட் என்ற ஊரருகே, சரிவான பிரதான பாதையிலேயே வண்டியை ஆளில்லாமல் நிறுத்தினார்கள். முன் எஞ்சினில் தீப்பிடித்தது. தீயை அணைத்தபோது எஞ்சினையும் நிறுத்தினார்கள். அதனால் ஏர் பிரேக்கின் அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்து இறங்கியது. போட்டிருந்த ஏழு கைப்பிரேக்குகளால் அத்தனை எடையையும் பிடித்துவைக்க முடியவில்லை. அந்தக் கதை இங்கே இத்துடன் போதும். இந்த ஆய்வு பார்ப்பது அந்த ரயிலோடு வந்த சரக்கு ஆவணத்தை. அதில் எண்ணெயின் ஆபத்து நிலை தவறாக எழுதப்பட்டிருந்தது. ஒரு நாள் நேர்ந்த எழுத்துப்பிழை என்று அதைத் தள்ளிவிட முடியாது. மாதக்கணக்கில், ஆயிரக்கணக்கான வேகன்களுக்கு அதே தவறு எழுதப்பட்டு, எல்லைச் சாவடியையும் இரண்டு ரயில் நிறுவனங்களையும் யாரும் கேள்வி கேட்காமல் கடந்திருக்கிறது.

ஆவணத்தில் இருந்த நான்கு தகவல்கள்

ஆபத்தான சரக்கு ஒன்றை ரயிலிலோ சாலையிலோ அனுப்பும்போது ஆவணத்தில் நான்கு தகவல்கள் கட்டாயம்: ஐநா எண் (ஆபத்தான பொருளை அடையாளம் காட்டும் நான்கிலக்க எண்), சரக்கின் முறையான பெயர், ஆபத்து வகுப்பு, பேக்கிங் குரூப். லாக்-மெகாந்திக் ரயிலின் தாளில் இருந்தவை: 1267, பெட்ரோலியக் கச்சா எண்ணெய், வகுப்பு 3, குரூப் மூன்று. முதல் மூன்றும் சரி. நான்காவதுதான் தவறு.

வகுப்பு 3 என்பது தீப்பற்றும் திரவங்களுக்கானது. அதற்குள் எந்த அளவுக்கு ஆபத்து என்பதைச் சொல்வது பேக்கிங் குரூப். அதைத் தீர்மானிக்க இரண்டே இரண்டு அளவீடுகள் போதும். ஒன்று ஃப்ளாஷ் பாயிண்ட்: திரவத்தின் மேலுள்ள ஆவி, காட்டிய சிறு சுடரில் ஒரு கணம் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை, மூடிய கிண்ணச் சோதனையில் அளப்பது. மற்றொன்று தொடக்கக் கொதிநிலை. கொதிநிலை 35 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருந்தால் குரூப் ஒன்று. ஃப்ளாஷ் பாயிண்டைப் பார்க்கவே வேண்டாம். கொதிநிலை 35க்கு மேல், ஃப்ளாஷ் பாயிண்ட் 23க்குக் கீழ் என்றால் குரூப் இரண்டு. கொதிநிலை 35க்கு மேல், ஃப்ளாஷ் பாயிண்ட் 23 முதல் 60 வரை என்றால் குரூப் மூன்று. எண் கூடக் கூட ஆபத்து குறைகிறது என்பதைப் புதிதாக வேலைக்கு வருபவர்கள் அடிக்கடி தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

குரூப் மூன்று என்று எழுதினால் அதன் பொருள் இதுதான்: குளிர்ந்த நாளில் இந்தத் திரவம் திறந்து கிடந்தாலும் அருகே ஒரு பொறி விழுந்து சட்டெனப் பற்றிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. மண்ணெண்ணெய் அந்த வகை. பெட்ரோல் குரூப் இரண்டு.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தடம்புரளாமல் தப்பிய 9 வேகன்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தது. ஃப்ளாஷ் பாயிண்ட் எல்லா மாதிரிகளிலும் மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே. தொடக்கக் கொதிநிலை ஏறக்குறைய 44 முதல் 50 டிகிரி. 37.8 டிகிரியில் ஆவியழுத்தம் 62 முதல் 66 கிலோபாஸ்கல் வரை, அதாவது பெட்ரோல் அளவுக்கு. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இது குரூப் இரண்டு. குரூப் மூன்றின் எல்லைக்கும் இதற்கும் இடையே 58 டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. எல்லையோரத்தில் நின்று குழம்பிய வழக்கு என்று இதைச் சொல்ல இடமே இல்லை. சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். அவ்வளவுதான்.

எந்தக் கையில் மாறியது

எண்ணெய் வந்தது அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள பாக்கன் படுகையிலிருந்து. பல கிணறுகளில், பல உற்பத்தியாளர்களிடம் வாங்கிய எண்ணெயை லாரிகளில் நியூ டவுன் என்ற ஊரின் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து, அங்கே வேகன்களில் ஏற்றினார்கள். கனடியன் பசிபிக் ரயில் அதை மாண்ட்ரியல் வரை இழுத்து வந்தது. அங்கிருந்து மாண்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் என்ற சிறு ரயில் நிறுவனம். போய்ச் சேரவேண்டிய இடம் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜான் துறைமுகத்தில் உள்ள இர்விங் ஆயில் சுத்திகரிப்பு ஆலை.

லாரியில் வந்தபோது ஆவணத்தில் இருந்தது குரூப் இரண்டு. வேகனில் ஏறியதும் அது குரூப் மூன்று. ஒரே எண்ணெய், ஒரே வளாகம், இடையில் ஒரு குழாய் மட்டும். உற்பத்தியாளர்கள் கொடுத்த பாதுகாப்புத் தரவுத் தாள்களோ (ஒரு பொருளின் இயல்பையும் ஆபத்தையும் விவரிக்கும் தாள்கள்) ஒன்றுக்கொன்று பொருந்தாமல், குரூப் ஒன்று முதல் மூன்று வரை எல்லாவற்றையும் சொல்லின. கையில் இருக்கும் தாள்கள் மூன்று விதமாகப் பேசினால் என்ன செய்வது? மிகக் கடுமையானதை எடுத்துக்கொள்ளலாம். அல்லது தாள்களை ஒதுக்கிவிட்டு மாதிரியைச் சோதிக்கலாம். மூன்றாவது வழி என ஒன்று கிடையாது. இங்கே நடந்தது அந்த மூன்றாவது வழிதான்: சோதிக்காமலே, ஆபத்து மிகக் குறைந்த குரூப்பை எழுதுவது.

சட்டப்படி பொறுப்பு யாருக்கு என்பதில் குழப்பம் எதுவும் இல்லை. அமெரிக்க விதியில், சரக்கைப் போக்குவரத்துக்கு ஒப்படைப்பவரே வகைப்படுத்த வேண்டும். கனடிய விதியில் சரக்கு அனுப்புநர். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கானால் கனடாவில் இருக்கும் இறக்குமதியாளரே அனுப்புநரின் இடத்தில் நிற்கிறார். ரயில் நிறுவனம் தனக்குக் கொடுத்த தாளை நம்பிச் செல்லலாம். தவறு கண்ணில் பட்டால் மட்டுமே அது பொறுப்பாகும். ஆக, எல்லையின் இருபுறமும் ஒருவர் பொறுப்பாளராக இருந்தார். இருவரும் மற்றவரது தாளை ஏற்றுக்கொண்டார்கள். பொறுப்பை விதி தெளிவாகச் சுமத்தியிருந்தும், "சோதனை அறிக்கையைக் காட்டு" என்று யாரும் கேட்கும்படி எந்த இடத்திலும் அமைத்திருக்கவில்லை. இந்த வழக்கின் ஓட்டை அதுதான் என்பது எங்கள் கணிப்பு.

இதில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. பாதுகாப்புத் தரவுத் தாள் என்பது பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆவணம். சரக்கு ஆவணம் என்பது போக்குவரத்துச் சட்டத்தின் ஆவணம். அமெரிக்காவில் இரண்டையும் வெவ்வேறு துறைகள் பார்க்கின்றன. ஐநாவின் உலகளாவிய ஒத்திசைந்த வகைப்பாட்டு முறையை அமெரிக்கப் பணியிட விதி 2012இல்தான் ஏற்றது. புதிய வடிவில் தாள் தயாரிக்க 2015 ஜூன் 1 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். விபத்து நடந்தது அந்த இடைவெளியில். பழைய வடிவம், புதிய வடிவம், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பொதுவான எண்கள் எல்லாம் கலந்து புழங்கிய காலம் அது.

சரியான எண் கிடைக்காமல் போவது எப்படி

கச்சா எண்ணெயை வகைப்படுத்துவது டொலுயீனையோ அசிட்டோனையோ வகைப்படுத்துவது போல எளிதல்ல. அவற்றின் எண்கள் கையேட்டில் இருக்கின்றன, மாறுவதுமில்லை. கச்சா எண்ணெய் கிணற்றுக்குக் கிணறு மாறும். ஒரே கிணற்றிலும் பருவத்துக்குப் பருவம் மாறும். கிணற்றடியில் வாயுவைப் பிரிக்கும் கலனை எந்த வெப்பத்தில் இயக்கினார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். குளிர்காலத்தில் கலன் போதிய சூட்டில் ஓடாவிட்டால் புரோப்பேனும் பியூட்டேனும் எண்ணெயிலேயே கரைந்து தங்கிவிடும். ஃப்ளாஷ் பாயிண்டையும் கொதிநிலையையும் இழுத்துக் கீழே தள்ளுவது இந்த லேசான பகுதிகள்தான். அளவில் அவை சில விழுக்காடு மட்டுமே இருந்தாலும் போதும்.

சிக்கல் மாதிரி எடுக்கும்போதே தொடங்குகிறது. வேகனின் மேல்மூடியைத் திறந்து, கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்கி, நிரம்பியதும் தூக்கி, மூடி போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது பழைய வழக்கம். கனமான எண்ணெய்க்கு அது போதும். பாக்கன் எண்ணெயில், பாட்டில் மேலே வருவதற்குள் லேசான பகுதி கொஞ்சம் பறந்துவிடுகிறது. முக்கால் பாட்டில் நிரப்பினால், மீதிக் கால் பங்குக் காற்றிடத்தில் ஆவி நிறைந்து, மூடியைத் திறந்ததும் அதுவும் போய்விடுகிறது. வெயிலில் வைத்த பாட்டில் என்றால் சொல்லவே வேண்டாம். இப்படி இழந்த ஒவ்வொரு துளியும் எண்ணெயை இருப்பதைவிடச் சாதுவாகக் காட்டும். பிழை எப்போதும் ஆபத்தான பக்கத்திலேயே விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் மிதக்கும் பிஸ்டன் வைத்த உருளையில் மாதிரி எடுக்கிறார்கள்: குழாயிலிருந்து எண்ணெய் அழுத்தம் குறையாமலே உருளைக்குள் போகும், காற்றிடமே இருக்காது. விலை அதிகம், பயிற்சியும் வேண்டும். ஆனால் லேசான எண்ணெய்க்கு வேறு நம்பகமான வழி இல்லை.

அடுத்து ஃப்ளாஷ் பாயிண்ட் கருவி. பெட்ரோலிய ஆய்வகங்களில் எங்கும் இருப்பது பென்ஸ்கி-மார்ட்டென்ஸ் மூடிய கிண்ணம், ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் டி93 முறை. அது 40 டிகிரிக்கு மேற்பட்ட ஃப்ளாஷ் பாயிண்டுகளுக்காக வகுக்கப்பட்டது. மைனஸில் இருக்கும் எண்ணெயை அறை வெப்பத்தில் அதில் ஊற்றினால், முதல் சுடர் காட்டும்போதே பற்றும், அல்லது சூடேற்றும் முன்பே லேசான ஆவி போய்விட்டு அர்த்தமில்லாத எண் ஒன்று வரும். மெல்லிய திரவங்களுக்கு ஏற்றது டேக் மூடிய கிண்ணம், டி56. அதிலும் மாதிரியை, எதிர்பார்க்கும் ஃப்ளாஷ் பாயிண்டுக்கு 10 டிகிரியாவது கீழே குளிர்வித்த பிறகுதான் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். மைனஸ் 35க்கு 10 டிகிரி கீழே என்றால் மைனஸ் 45. பல ஆய்வகங்களால் அங்கே போக முடியாது. போகவும் வேண்டாம். நமக்குத் தேவை எல்லையின் எந்தப் பக்கம் என்பதே. மைனஸ் 10இல் சுடர் காட்டினாலும் பற்றுகிறது என்றால் 23க்குக் கீழ் என்பது உறுதி. அறிக்கையில் "மைனஸ் 10க்குக் கீழ்" என்று எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போகலாம். சரியான எண் கிடைக்கவில்லையே என்று மாதிரியைத் திரும்பத் திரும்பத் திறப்பது வேண்டாத வேலை.

கடினமானது கொதிநிலை, குரூப் ஒன்றா இரண்டா என்பது அதில்தான் தொங்குகிறது. ஏஎஸ்டிஎம் டி86 என்ற வடித்தல் முறையில் 100 மில்லிலிட்டர் எண்ணெயைச் சூடாக்கி, குளிர்விப்பானின் நுனியில் முதல் துளி விழும்போது ஆவியின் வெப்பநிலையைத் தொடக்கக் கொதிநிலை என்று குறிக்கிறார்கள். அறை வெப்பத்திலேயே வாயுவாகிவிடும் புரோப்பேனும் பியூட்டேனும் துளியாக விழுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் வெளியே போய்விடும். ஆகவே இந்த முறை உண்மையைவிட உயர்ந்த எண்ணையே தரும். பாக்கன் எண்ணெயில் டி86 44 டிகிரி என்று காட்டினால், எல்லையான 35க்கு 9 டிகிரிதான் மீதி. கலவையின் பகுதிகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் வாயுப் பிரிகை வரைவியை (கேஸ் குரோமடோகிராஃப்) பயன்படுத்தும் டி7900 முறை, எடையில் அரை விழுக்காடு வெளியேறும் புள்ளியைத் தொடக்கக் கொதிநிலையாகக் கொள்கிறது. கரைந்த வாயுக்களும் கணக்கில் வருவதால் எண் கீழே இறங்கும், சில எண்ணெய்கள் குரூப் ஒன்றுக்குள்ளேயே போய்விடும். அமெரிக்கப் பெட்ரோலியத் தொழில் அமைப்பான ஏபிஐ 2014 செப்டம்பரில் வெளியிட்ட பரிந்துரை 3000, இந்த முறையைத்தான் முன்வைக்கிறது.

வேறொரு தவறு ஆய்வகத்துக்கு வெளியே நடக்கிறது. பத்து லாரி எண்ணெய் ஒரே தொட்டியில் கலக்கிறது. ஒன்பது குரூப் இரண்டு, ஒன்று மூன்று என்று தாள் சொல்கிறது. சராசரி எடுக்கலாமா? கூடாது. ஃப்ளாஷ் பாயிண்ட் சராசரிக்குக் கட்டுப்படுவதில்லை. லேசான எண்ணெய் சிறிதளவு சேர்ந்தாலும் கலவை முழுவதன் ஃப்ளாஷ் பாயிண்டும் ஏறக்குறைய அதன் பக்கமே சாய்ந்துவிடும். கலந்த பிறகு, வேகனில் ஏறும் எண்ணெயையே சோதிக்க வேண்டும்.

குரூப் சரியாக இருந்திருந்தால்?

நேர்மையாகச் சொன்னால், அந்த இரவில் ஒன்றும் மாறியிருக்காது. டாட்-111 என்ற அதே பொதுப்பயன் வேகனில் குரூப் இரண்டையும் ஏற்றலாம், குரூப் ஒன்றையும் ஏற்றலாம் என்று அன்றைய விதி அனுமதித்தது. கச்சா எண்ணெய்க்கு அவசர உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று கனடா அப்போது கேட்கவில்லை. வேகனின் பக்கவாட்டில் ஒட்டும் சாய்சதுரப் பலகையில் தீச்சுடர், வகுப்பு எண் 3, ஐநா எண் 1267 ஆகியவைதான் இருக்கும். பேக்கிங் குரூப் அதில் இடம்பெறுவதே இல்லை. நம் ஊர்ச் சாலைகளில் பெட்ரோல் டேங்கரின் பின்னால் 1203 என்று காண்கிறோமே, அதே முறை. தீயணைப்பு வீரர் அந்த எண்ணை வைத்து வட அமெரிக்க அவசரக் கையேட்டில் வழிகாட்டி 128ஐத் திறப்பார்: எல்லாப் பக்கமும் 50 மீட்டர் விலகல், பெருங்கசிவு என்றால் காற்று வீசும் திசையில் 300 மீட்டர், டேங்கர் தீயில் சிக்கினால் 800 மீட்டர். குரூப் எதுவானாலும் இதே பக்கம்தான்.

2014 ஆகஸ்ட் 19இல் வெளியான வாரியத்தின் இறுதி அறிக்கை இதைக் கவனமாகப் பிரித்து வைத்தது. விபத்துக்குக் காரணமானவை, பங்களித்தவை என 18 கண்டறிதல்கள். ஆபத்தை உயர்த்துபவை எனத் தனியாக 16. பெருந்தீக்குக் கொட்டிய அளவு, கொட்டிய வேகம், எண்ணெயின் ஆவியாகும் தன்மை, அதன் குறைந்த பாகுத்தன்மை ஆகியவை காரணம் என்பது முதல் தொகுதியில். முறையாகவும் அடிக்கடியும் சோதிக்காவிட்டால் தவறாக வகைப்படுத்தும் ஆபத்து உண்டு என்பது இரண்டாவதில். எண்ணெயின் இயல்பு காரணங்களில் ஒன்று. அந்த இயல்பைத் தவறாக எழுதியது ஆபத்துகளில் ஒன்று. "லேபிள் தவறாக இருந்ததால் 47 பேர் இறந்தார்கள்" என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது அறிக்கையைப் படிக்காத பேச்சு.

அப்படியானால் குரூப் எதற்கு? அதைப் பார்த்து முடிவெடுக்கும் விதிகள் வேறு இடங்களில் இருக்கின்றன. அமெரிக்க விதியில், ஒரே கலனில் 3,000 லிட்டருக்கு மேல் குரூப் ஒன்று அல்லது இரண்டு தீப்பற்றும் திரவம் கொண்டுபோனால் எழுத்து வடிவில் பாதுகாப்புத் திட்டம் வேண்டும். குரூப் மூன்றுக்கு வேண்டாம். ஒரு வேகனில் ஏறுவதோ சுமார் 1,07,000 லிட்டர். டாட்-111ஐவிடத் தரம் குறைந்த ஏஏஆர்-211 வகை வேகன்களில் குரூப் மூன்றை ஏற்றலாம். மற்ற இரண்டையும் கூடாது. ஆகவே இரண்டு என்பதை மூன்று என்று எழுதுவது, தெரிந்தோ தெரியாமலோ, சில கடமைகளிலிருந்து நழுவுவதாகிவிடுகிறது.

பிறகு விதி எப்படி இறுகியது

விபத்து நடந்து சுமார் இரண்டு மாதத்தில், 2013 செப்டம்பர் 11 அன்று, வாரியம் கனடா, அமெரிக்கா இரு நாட்டுப் போக்குவரத்து அதிகாரிகளுக்கும் வகைப்பாடு பற்றி எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. அக்டோபர் 17இல் கனடா பிறப்பித்த பாதுகாப்பு ஆணை 31 இப்படிச் சொன்னது: இறக்குமதி செய்யும், அனுப்பும் கச்சா எண்ணெயைச் சோதியுங்கள், சோதித்து முடியும் வரை எல்லாவற்றையும் குரூப் ஒன்று என்றே அனுப்புங்கள். இது நல்ல வரைவு. தெரியாதபோது மிகக் கடுமையானது என்ற இயல்புநிலையை வைத்ததும், சோதிக்காமல் இருப்பதால் கிடைத்த சலுகை போய்விட்டது.

அமெரிக்கா 2014 பிப்ரவரி 25இல் அவசர ஆணை போட்டது: ரயிலில் போகும் கச்சா எண்ணெயைச் சோதித்தே வகைப்படுத்த வேண்டும், குரூப் மூன்று என்று அனுப்பவே கூடாது. 2015 மே மாத விதியில், சுத்திகரிக்காத பெட்ரோலியப் பொருள்களுக்கு எழுத்து வடிவிலான மாதிரி-சோதனைத் திட்டம் நிரந்தரக் கடமையானது. பொருளின் மாறும் தன்மையைக் கணக்கில் கொண்ட சோதனை இடைவெளி, முதல் அனுப்புதலுக்கு முன்பும் தன்மை மாறக்கூடிய மாற்றம் நேரும்போதும் மாதிரி, கலவை முழுவதையும் பிரதிபலிக்கும் மாதிரி முறை, வகைப்படுத்தப் போதுமான சோதனை முறை, தரக் கட்டுப்பாடு, இரட்டை மாதிரி அல்லது அதற்கு இணையான உறுதிப்பாடு, திட்டத்தை எப்போது திருத்துவது என்ற வரையறை ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

வடக்கு டகோட்டா வேறு வழியில் போனது. 2015 ஏப்ரல் 1 முதல், ஆவியழுத்தம் 13.7 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட எண்ணெயை மாநிலத்திலிருந்து அனுப்பக் கூடாது என்றது. 13.7 பிஎஸ்ஐ என்றால் சுமார் 94 கிலோபாஸ்கல். லாக்-மெகாந்திக் மாதிரிகளில் கிடைத்ததோ 62 முதல் 66. சோதனை முறைகள் வேறு, மாதிரிகள் வெளிக்காற்றின் அழுத்தத்தில் எடுத்தவை என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும், அந்த எண்ணெய் இந்தப் புதிய வரம்பைத் தாண்டி நின்றது என்று சொல்ல இந்த எண்களில் ஆதாரம் இல்லை. ஆவியழுத்த வரம்பு மிக மோசமான எண்ணெயை வடிகட்டும். சரியான வகைப்பாட்டின் இடத்தை அது நிரப்பாது.

தண்டனை வந்தது 2017 அக்டோபரில். இறக்குமதியாளரான இர்விங் ஆயில் 34 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டது. 2012 நவம்பர் முதல் விபத்து வரை சுமார் 14,000 வேகன் கச்சா எண்ணெயைப் பற்றியவை அவை: வகைப்பாட்டை முறையாகத் தீர்மானிக்காதது, சரக்கு ஆவணத்தில் தவறான தகவல், ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி தராதது. அபராதமும் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கான பங்களிப்பும் சேர்த்துச் சுமார் 40 லட்சம் கனடிய டாலர். அதில் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கு. ரயிலைத் தடம்புரளச் செய்ததற்கான குற்றச்சாட்டு எதுவும் இந்த 34இல் இல்லை. தாள், சோதனை, பயிற்சி ஆகிய மூன்றுக்கே இவ்வளவு.

தாளைக் கையில் வாங்குபவர் பார்க்க வேண்டியவை

கச்சா எண்ணெய் மட்டுமல்ல, தின்னர், கரைப்பான், பிசின் கரைசல் என எந்தத் தீப்பற்றும் திரவத்துக்கும் செல்லும் ஒரு சரிபார்ப்பு உண்டு. ஆய்வகம் கூட வேண்டாம். உலகளாவிய முறையின் பணியிட வகைப்பாடும் போக்குவரத்துக் குரூப்பும் தீப்பற்றும் திரவங்களில் ஒரே எல்லைக்கோடுகளையே பயன்படுத்துகின்றன. வகை 1 என்றால் குரூப் ஒன்று, அபாய வாசகம் எச்224. வகை 2, குரூப் இரண்டு, எச்225. வகை 3, குரூப் மூன்று, எச்226. பாதுகாப்புத் தரவுத் தாளின் பிரிவு 2இல் வகையும் வாசகமும், பிரிவு 9இல் ஃப்ளாஷ் பாயிண்டும் கொதிநிலையும், பிரிவு 14இல் ஐநா எண்ணும் குரூப்பும் இருக்கும். மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிரிவு 2இல் எச்225, பிரிவு 14இல் குரூப் மூன்று என்று இருந்தால் ஏதோ ஒன்று தவறு. அடர்த்தியான பெயின்ட், வார்னிஷ் போன்றவற்றுக்குப் போக்குவரத்து விதியில் பாகுத்தன்மை சார்ந்த சலுகை ஒன்று உண்டு. அது பொருந்தினால் மட்டுமே இந்த வேறுபாடு செல்லும். பாக்கன் எண்ணெய் போன்ற நீர்த்த திரவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிரிவு 9இல் "ஃப்ளாஷ் பாயிண்ட்: மைனஸ் 40 முதல் 90 வரை" என்று எழுதியிருந்தால் அது சோதனை முடிவாக இருக்க வாய்ப்பில்லை, உலகத்துக் கச்சா எண்ணெய் எல்லாவற்றுக்கும் சேர்த்து யாரோ எழுதிய வீச்சு. அதை வைத்து மூன்று குரூப்பில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். சோதனை முறையின் பெயர் இல்லாத எண்ணும் ஏறக்குறைய அதே மதிப்புதான். திறந்த கிண்ணத்தில் அளந்த எண் மூடிய கிண்ண எண்ணைவிட உயர்ந்தே வரும், எல்லையோரத்தில் நிற்கும் பொருளை அது ஆபத்து குறைந்த குரூப்பில் சேர்த்துக் காட்டிவிடும்.

கச்சா எண்ணெய்க்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு அளவுக்கு இருக்கும் புளிப்பு எண்ணெய்க்கு ஐநா எண்ணே வேறு: 3494, வகுப்பு 3 உடன் துணை ஆபத்து 6.1 (நச்சு). பாக்கன் எண்ணெயில் கந்தகம் குறைவு என்பதால் இந்த வழக்கில் அது எழவில்லை. பென்சீன் 0.1 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் பணியிட லேபிளில் புற்றுநோய் எச்சரிக்கை வர வேண்டும். வேகன் பலகையில் அது ஒருபோதும் வராது. போக்குவரத்துப் பலகையைப் பார்த்து ஏற்றுமிடத்து ஊழியரின் கையுறையையும் முகமூடியையும் முடிவு செய்யக் கூடாது.

கனடிய விதியில் 2014 முதல் "வகைப்பாட்டுச் சான்று" என்று ஒன்று இருக்கிறது. சோதனை அறிக்கை, ஆய்வக அறிக்கை, அல்லது எப்படி வகைப்படுத்தினோம் என்று விளக்கும் ஆவணம். மூன்றில் ஒன்றைச் சரக்கு ஆவணத் தேதியிலிருந்து 5 ஆண்டுகள் வைத்திருந்து, ஆய்வாளர் கேட்டால் கொடுக்க வேண்டும். கச்சா எண்ணெய் என்றால் மாதிரி எடுத்த முறையையும் எழுதி வைக்க வேண்டும்: எதற்குப் பொருந்தும், எந்தக் கருவி, எந்தக் கலன், எந்த இடைவெளியில், எந்த நிலையில், தரக் கட்டுப்பாடு எப்படி என்பதெல்லாம். இந்தக் கோப்பில் அடிக்கடி விடுபடுவது மாதிரி எடுத்த தேதியும் வேகன் எண்ணும். அறிக்கை ஆறு மாதம் பழையது, கிணறு மாறிவிட்டது, அறிக்கை மட்டும் மாறவில்லை என்றால் அந்தச் சான்று இப்போது ஏற்றும் எண்ணெயைப் பற்றியதே அல்ல. உற்பத்தியாளர் மாறும்போதும், புதிய கிணறு சேரும்போதும், குளிர்காலம் தொடங்கி வாயுப் பிரிப்புக் கலனின் இயக்க வெப்பம் மாறும்போதும் புது மாதிரி எடுத்து, முடிவு கைக்கு வரும் வரை குரூப் ஒன்று என்று எழுதி அனுப்ப வேண்டும்.